வைரமும் தந்தியும்: தனித்துச் செய்யும் மின்கிட்டாரில் அரிய மரங்களின் இடம்

வீணை செய்கிறவர் பலாமரத்தைத் தட்டிப் பார்த்துத் தேர்வார். குடம் அந்த மரத்தில்தான் குடையப்படுகிறது. காற்றை அசைப்பதும் அதுவே. மரம் சரியில்லையென்றால் வீணை சரியில்லை. மின்கிட்டாரின் கதை வேறு. அதன் உடல் பெரும்பாலும் குடையாத கட்டைப் பலகை. எஃகுத் தந்தியின் அதிர்வை அடியிலிருக்கும் 'பிக்கப்' என்ற காந்தச் சுருள் மின்னாக்கி அனுப்புகிறது. காற்றை அசைப்பது எங்கோ நிற்கும் ஒலிபெருக்கி. அப்படியிருக்க, பிரேசிலின் தோதகத்தியும் காங்கோவின் வெங்கேயும் காமரூனின் கருங்காலியும் அந்தப் பலகைக்கு எதற்கு?

உடல் ஒரு மரம், கழுத்து இன்னொரு மரம், விரற்பலகை மூன்றாவது மரம் என்று தேர்ந்து, பாகங்களாக வரவழைத்துத் தானே பூட்டிக்கொள்ளும் வழக்கம் அமெரிக்காவில் ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகளாக இருக்கிறது. அப்படிச் செய்பவர் ஒவ்வொருவரும் மேற்கண்ட கேள்வியை ஒருமுறையாவது கேட்டிருப்பார். அரிய மரத்தில்தான் ஒலியின் உயிர் இருக்கிறது என்பது ஒரு கட்சி. மரத்துக்கும் ஒலிக்கும் தொடர்பே இல்லை என்பது எதிர்க்கட்சி. வரலாறு, இயற்பியல், பட்டறை அனுபவம், சட்டம், காடு ஆகிய ஐந்தையும் வரிசையாகப் பார்த்தால், இரு தரப்பும் கேள்வியைத் தவறான இடத்தில் வைத்திருப்பது தெரியும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

மரம் வந்த வழி

விற்பனையில் நிலைத்த முதல் மின்கிட்டாரின் உடலில் மரமே இல்லை. ஜார்ஜ் பீச்சம் உருவாக்கி, அடோல்ஃப் ரிக்கன்பேக்கரின் நிறுவனம் 1932இல் விற்பனைக்குக் கொண்டுவந்த அந்தக் கருவி வார்ப்பு அலுமினியத்தாலானது. வட்ட உடலும் நீண்ட கழுத்துமாக இருந்ததால் 'வாணலி' என்றே அதற்குப் பெயர் விழுந்தது. 1940 வாக்கில் கிட்டார் கலைஞர் லெஸ் பால், நான்கு அங்குலச் சதுரப் பைன் கட்டை ஒன்றில் தந்திகளையும் பிக்கப்புகளையும் பொருத்தினார். பார்ப்பதற்குக் கிட்டார் போலிருக்க, பழைய கிட்டார் ஒன்றை இரண்டாகப் பிளந்து இருபுறமும் ஒட்டவைத்தார். ஒலியைத் தந்தது நடுவிலிருந்த கட்டை, சிறகுகள் கண்ணுக்காக.

கலிஃபோர்னியாவின் ஃபுல்லர்டனில் வானொலிப் பெட்டி பழுதுபார்த்துக்கொண்டிருந்த லியோ ஃபெண்டர், 1950ஐ ஒட்டிப் பைனில் மாதிரிகள் செய்து பார்த்தார். பின்னர் ஆஷ் மரத்துக்குப் போனார். 1954இல் வந்த அவரது ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிட்டாரின் உடலும் முதலில் ஆஷ். 1956 முதல் பெரும்பாலும் ஆல்டர். இவை அங்கே மலிவாகவும் தாராளமாகவும் கிடைத்தவை. கிப்சன் நிறுவனத்தின் வழி வேறு. 1952இல் வந்த அதன் லெஸ் பால் கிட்டாருக்கு மகாகனி உடல், அதன்மேல் மேப்பிள் மூடி, தோதகத்தி விரற்பலகை. பழைய மரவேலைப் பட்டறையின் கையிருப்பும் பழக்கமும் அதில் தெரிகின்றன. 1958இல் அந்நிறுவனம் ஆப்பிரிக்க லிம்பா மரத்தைக் 'கொரினா' என்ற பெயரில் ஃப்ளையிங் வி கிட்டாருக்கு எடுத்தது. இன்று பெருஞ்செல்வர்கள் தேடும் அந்தக் கருவி அன்று நூறுகூட விற்கவில்லை.

இன்று 'மரபு' என்று போற்றப்படும் இணைப்புகள் எவையும் ஒலிச்சோதனையில் வென்று வந்தவையல்ல என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும். விலை, கையிருப்பு, வண்ணம் ஏற்கும் தன்மை ஆகியவைதான் முதலில் முடிவு செய்தன. அந்தக் கருவிகளில் பெரிய கலைஞர்கள் வாசித்தார்கள். நம் காது அந்த ஒலியைச் சரியான ஒலி என்று ஏற்றுக்கொண்டது.

அரிய மரத்தின் மீதான ஆசை 1960களின் இறுதியில் தளிர்த்தது. ஃபெண்டர் நிறுவனம் 1968இல் ஜார்ஜ் ஹாரிசனுக்காகத் தோதகத்தியிலேயே ஒரு டெலிகாஸ்டர் கிட்டார் செய்தது. 1969 ஜனவரி 30 அன்று லண்டன் மொட்டைமாடியில் பீட்டில்ஸ் வாசித்தபோது அவர் கையில் இருந்தது அதுதான். அதே 1969இல் கலிஃபோர்னியாவில் தொடங்கிய அலெம்பிக் நிறுவனம், பல நிற மரங்களை அடுக்கி ஒட்டி, வண்ணம் பூசாமல் இழையைக் காட்டும் கருவிகளைச் செய்தது. மரம் மறைக்க வேண்டிய சட்டகம் என்பது போய், பார்க்க வேண்டிய பொருள் என்றாயிற்று.

பாகங்களாக வாங்கும் வழக்கம்

இந்த ஆசையை எளியவர் கைக்கும் கொண்டுவந்தது ஃபெண்டரின் ஒரு வடிவமைப்பு முடிவு. பழைய கிட்டார்களில் கழுத்து உடலோடு பசையால் ஒட்டப்படும். ஃபெண்டர் கழுத்தை நான்கு திருகாணிகளால் முடுக்கினார். உடைந்தால் கழற்றி வேறொன்றை மாட்டலாம் என்பது அவர் கணக்கு. உடலில் கழுத்து உட்காரும் குழியின் அளவு ஒரு பொதுத்தரமாகிவிட்டதால், யாரோ செய்த கழுத்து வேறு யாரோ செய்த உடலில் பொருந்தும்.

டேவிட் ஷெக்டர் 1976இல் கலிஃபோர்னியாவின் வான் நைஸில் ஒரு பழுதுபார்க்கும் கடையைத் திறந்தார். சில ஆண்டுகளுக்குள் நானூற்றுக்கும் மேற்பட்ட பாகங்கள் அங்கே விற்றன. முழுக் கிட்டார் ஒன்றுகூட இல்லை. கென் வார்மத் 1980இல் தொடங்கிய, வாஷிங்டன் மாநிலம் புயாலப்பில் இயங்கும் பட்டறை இன்றும் இத்துறையின் பெரிய பெயர். மரம், கழுத்தின் கனம், விரற்பலகையின் வளைவு, மெட்டுக் கம்பியின் உயரம் என்று ஒவ்வொன்றையும் அங்கே தனித்தனியே தேரலாம். ராக் கிட்டார் கலைஞர் எடி வான் ஹாலன் தம் புகழ்பெற்ற கோடுபோட்ட கிட்டாரை, 50 டாலருக்கு வாங்கிய கழிவு உடலிலும் 80 டாலர் கழுத்திலும் தாமே பூட்டியதாகப் பேட்டிகளில் சொன்னார். உடல் ஆஷ், கழுத்து மேப்பிள். இரண்டும் அமெரிக்காவின் சாதாரண மரங்கள்.

ஒலிக்கு மரம் என்ன செய்கிறது?

பிக்கப் என்பது காந்தத்தைச் சுற்றி மயிரிழை போன்ற செம்புக் கம்பியை ஏழாயிரம், எட்டாயிரம் சுற்றுகள் சுற்றியது. எஃகுத் தந்தி அதன் மேல் அசைந்தால் காந்தப்புலம் மாறும். சுருளில் மின் எழும். மரத்தின் அதிர்வு அதற்கு நேரடியாகக் கேட்பதில்லை. ஆனால் தந்தியின் இரு முனைகளும் மரத்தில்தான் ஊன்றியிருக்கின்றன. முனை அசைந்துகொடுத்தால் தந்தியின் ஆற்றல் அவ்வழியே கசியும். சுரம் விரைவில் அடங்கும். மரம் தன் ஒலியைச் சேர்ப்பதைவிட, தந்தியின் ஒலியிலிருந்து எதைக் கழிக்கிறது என்று கேட்பதே சரியான கேள்வி.

மியூனிக்கின் இராணுவப் பல்கலைக்கழகத்தில் ஹெல்முட் ஃப்ளைஷர் 1990களில் இதைக் கருவிகொண்டு அளந்தார். கிட்டார்க்காரர்கள் அறிந்த ஒரு குறை உண்டு: கழுத்தில் ஏதோ ஓர் இடத்தில் மட்டும் சுரம் நீடிக்காமல் சட்டென்று செத்துவிடும். அந்த இடத்தில், அந்தச் சுரத்தின் அதிர்வெண்ணுக்குக் கழுத்து எளிதில் இணங்கி ஆடுகிறது என்பதை அவரது அளவீடுகள் காட்டின. குதிரை நிற்கும் உடற்பகுதி அந்த அளவுக்கு ஆடுவதில்லை. பாரிஸில் ஆர்தர் பதே, ழான்-லோயிக் லெ கரூ, பெனுவா ஃபாப்ர் ஆகியோர் 2014இல் வெளியிட்ட ஆய்வும் இத்திசையிலேயே போகிறது: தந்திக்கே உரிய அடக்கத்தையும் கழுத்து ஆடும் அளவையும் அறிந்தால், ஒரு சுரம் எவ்வளவு நேரம் நீடிக்கும் என்பதைக் கணித்துவிடலாம். மின்கிட்டாரின் இயற்பியல் பற்றிப் பெருநூல் எழுதிய ரெகன்ஸ்பர்க்கின் மன்ஃப்ரெட் சோல்னர் இன்னும் கறாராகச் சொல்கிறார்: உடல் எந்த மரம் என்பது பிக்கப் வழி வரும் ஒலியில் பொருட்படுத்தத்தக்கதல்ல.

மரமே ஒலிக்கும் அக்கூஸ்டிக் கிட்டாரிலும் நம்பிக்கை தளர்ந்திருக்கிறது. லங்காஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், முதுகும் பக்கங்களும் மட்டும் ஆறு வேறு மரங்களில் அமைந்த ஆறு கிட்டார்களை ஒரே கைவினைஞரைக் கொண்டு செய்வித்தார்கள். 52 வாசிப்பாளர்கள் மங்கிய வெளிச்சத்தில், பற்றவைப்போர் அணியும் கண்ணாடியோடு அவற்றை வாசித்தார்கள். 2018இல் வெளிவந்த முடிவின்படி, விலையுயர்ந்த பிரேசில் தோதகத்திக்கும் மலிவான மரங்களுக்கும் அவர்கள் ஏறத்தாழ ஒரே மதிப்பெண்தான் தந்தார்கள்.

இவற்றை வைத்து 'மரம் வெறும் அலங்காரம்' என்று முடித்துவிட எனக்கு மனமில்லை. ஆய்வுகள் சொல்வது அதைவிட நுட்பமானது. மின்கிட்டாரில் மரத்தின் வேலை உடலைவிடக் கழுத்தில் அதிகம். அங்கே வேண்டியது அழகிய பெயரல்ல; விறைப்பும் நிலைத்தன்மையும். இன்னொன்று: பிக்கப்புக்குத் தந்தி மட்டும் போதும், வாசிப்பவருக்குப் போதாது. கழுத்தின் வழவழப்பு உள்ளங்கைக்குத் தெரிகிறது. உடலின் அதிர்வு விலாவுக்குத் தெரிகிறது. கை நிறைவாக உணரும் கருவியைக் கலைஞர் மேலும் நன்றாக வாசிப்பார். அந்த வேறுபாடு ஒலிப்பதிவில் கேட்கும், காரணம் பலகையில் அல்லாமல் விரலில் இருந்தாலும்.

கழுத்தும் எடையும்

கழுத்தில்தான் அரிய மரம் தன் விலைக்கு வேலை செய்கிறது. வழக்கமான மேப்பிள் கழுத்துக்கு வார்னிஷ் கட்டாயம். இல்லையேல் வியர்வையும் ஈரமும் ஏறும். வெங்கே, தோதகத்தி, புபிங்கா போன்றவற்றின் வைரப்பகுதி அடர்த்தியானது. அவற்றை நன்கு இழைத்து, தேய்த்து, பூச்சில்லாமலே விடலாம். வெயில் காலத்தில் வாசிக்கும்போது பூச்சில்லாக் கழுத்து கையில் பிசுபிசுக்காது. இந்தியத் தோதகத்தி ஈரப்பத மாற்றத்தில் மேப்பிளைவிடக் குறைவாகவே சுருங்கி விரியும். எந்த மரமானாலும் உள்ளே எஃகுக் கம்பி ஒன்று வேண்டும்; தந்திகளின் இழுப்பைத் தாங்கிக் கழுத்தை நிமிர்த்த அதைத் திருகுவார்கள். கிப்சனின் டெட் மெக்ஹ்யூ 1920களில் காப்புரிமை பெற்ற ஏற்பாட்டின் வழிவந்தது அது.

உடலில் கணக்கு தலைகீழாகிறது. ஒரு கனமீட்டர் ஆல்டர் சுமார் 450 கிலோ, மகாகனி 590, ஆப்பிரிக்கப் படாக் 745, புபிங்கா 890, பர்ப்பிள்ஹார்ட் 900க்கு மேல், கோகோபோலோ ஆயிரத்தைத் தாண்டும். ஆல்டரில் இரண்டு கிலோ வரும் உடல் புபிங்காவில் நான்கு கிலோ வரும். மற்ற பாகங்களும் சேர்ந்தால் ஐந்தரைக் கிலோவைத் தோளில் தூக்கிக்கொண்டு இரண்டு மணி நேரம் மேடையில் நிற்க வேண்டும். தேர்ந்த பட்டறைகள் இதற்கு இரண்டு வழி வைத்திருக்கின்றன: லேசான மரத்தில் உடலைச் செய்து அரிய மரத்தைச் சில மில்லிமீட்டர் மூடியாக மட்டும் ஒட்டுவது; அல்லது உள்ளே அறைகள் குடைவது. மூடியே போதும் என்பது என் கருத்து. கண்ணுக்கு அழகு, தோளுக்குச் சுகம். காட்டிலிருந்து எடுப்பதும் சிறு பங்குதான்.

பட்டறையில்

பாகங்கள் ஆயத்தமாக வந்தாலும் வேலை முடிந்துவிடுவதில்லை. முதலில் பார்க்க வேண்டியது தந்தியின் நீளம். மெட்டுகள் இரண்டின் பன்னிரண்டாம் மூலம் என்ற விகிதத்தில் நெருங்கிக்கொண்டே போகும். ஃபெண்டர் வழக்கமான 25.5 அங்குல நீளத்தில், முதல் மெட்டு தொடக்கத்திலிருந்து 36.35 மில்லிமீட்டரில் விழ வேண்டும். கிப்சன் அளவுக் கழுத்தை ஃபெண்டர் அளவு உடலில் அப்படியே மாட்டினால், குதிரை தவறான இடத்தில் நின்று, மேலே போகப்போகச் சுருதி பிசகும்.

அடர்ந்த மரத்தில் திருகாணி போடுவதற்குப் பொறுமை வேண்டும். சரியான அளவில் துளையிட்டு, திருகாணியில் மெழுகு தடவிக்கொள்ளாவிட்டால், தலை முறிந்து தண்டு உள்ளே தங்கிவிடும். எண்ணெய்ப்பசை மிகுந்த கோகோபோலோவும் தோதகத்தியும் பசையை ஏற்கத் தயங்கும்; ஒட்டும் பரப்பை அசிட்டோனால் துடைத்து, எண்ணெய் மறுபடி கசிவதற்குள் ஒட்டிவிட வேண்டும். சில பூச்சுகள் அவற்றின் மேல் காயவே காயாது. முதலில் அரக்குப் பூச்சு ஒன்றால் அடைக்க வேண்டும்.

நிறமும் நிலையானதல்ல. நம் வேங்கைக்கு உறவான ஆப்பிரிக்கப் படாக், வெட்டியபோது குங்குமச் சிவப்பாக இருந்து நாளடைவில் பழுப்பாகும். பர்ப்பிள்ஹார்ட்டின் ஊதாவும் வெளிச்சத்தில் மங்கும். இதைவிட முக்கியமானது உடல்நலம். மரத்தூளைப் பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை மனிதருக்குப் புற்று உண்டாக்கும் பொருளாக வகைப்படுத்தியிருக்கிறது. தோதகத்தி இனத் தூள் தோலில் ஒவ்வாமையைக் கிளப்பும். வெங்கேயின் சிராய் ஏறினால் எளிதில் ஆறாது. முகமூடியும் தூசி உறிஞ்சியும் இல்லாமல் இந்த மரங்களைத் தேய்க்கக் கூடாது.

சட்டமும் காடும்

பிரேசில் தோதகத்தி 1992 முதல், அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் முதல் பட்டியலில் இருக்கிறது; வணிகத்துக்காக அது எல்லை தாண்டுவது நடைமுறையில் தடை. அந்த இடத்தை உலகெங்கும் நிரப்பியது நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈட்டி. தோதகத்தி என்றும் நூக்கு என்றும் நாம் அழைக்கும் அதே மரம். காப்பித் தோட்டங்களில் நிழல்மரமாக வளர்ந்தது, டென்னசியிலும் கலிஃபோர்னியாவிலும் விரற்பலகையானது.

2017 ஜனவரி 2 முதல் தோதகத்தியின் டால்பெர்ஜியா பேரினம் முழுவதும், புபிங்காவும், சைட்டிஸின் இரண்டாம் பட்டியலுக்கு வந்தன. சீனத்து அறைகலன் வணிகத்துக்காகக் காடுகள் சூறையாடப்பட்டதே முதன்மைக் காரணம். அடி கிட்டார்க்காரர்களுக்கும் விழுந்தது. 2019 நவம்பரில் விதி தளர்ந்து, முடிவுற்ற இசைக்கருவிகளுக்கும் முடிவுற்ற பாகங்களுக்கும் விலக்கு கிடைத்தது. செதுக்கி முடித்த கழுத்துக்கு விலக்கு உண்டு, அறுத்த பலகைக்கு இல்லை. பிரேசில் தோதகத்திக்கு இந்த விலக்கு இல்லை.

அமெரிக்காவின் லேசி சட்டம் 2008இல் திருத்தப்பட்டபின், பிற நாட்டுச் சட்டத்தை மீறி வெட்டிய மரத்தை வாங்குவதும் விற்பதும் குற்றம். 2009இலும் 2011இலும் கிப்சன் ஆலைகளில் சோதனை நடந்தது. மடகாஸ்கர் கருங்காலியும் இந்தியாவிலிருந்து போன விரற்பலகைக் கட்டைகளும் சிக்கின. 2012இல் அந்நிறுவனம் 3,00,000 டாலர் அபராதம் கட்ட ஒப்புக்கொண்டது. தமிழ்நாட்டிலும் 1994ஆம் ஆண்டு ஈட்டிமரப் பாதுகாப்புக்கென்றே தனிச்சட்டம் வந்தது. பட்டா நிலத்தில் நிற்கும் ஈட்டியை வெட்டவும் அது அனுமதி கேட்டது.

அரிய மரத்துக்கு விலை ஏறினால் யார் தலையில் விடிகிறது என்பதைத் தமிழர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. செம்மரம் கிட்டாருக்குப் பெரிதாகப் போவதில்லை. சீனத்து அறைகலனுக்கும் ஜப்பானின் ஷாமிசென் இசைக்கருவிக்கும் போகிறது. 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில் செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்று ஆந்திரக் காவல்துறையால் சுட்டுக்கொல்லப்பட்ட இருபது பேரும் தமிழ்நாட்டுத் தொழிலாளர்கள். கடைசியில் ஒரு பட்டறையில் பளபளக்கும் பலகையின் மறுமுனையில் இப்படிப்பட்ட மனிதர்கள் நிற்கிறார்கள். அழகிய இழையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இது நினைவுக்கு வருகிறது. வர வேண்டும் என்றும் நினைக்கிறேன்.

வேறு வழிகள்

நல்ல செய்தி என்னவென்றால் வழிகள் பல இருக்கின்றன. டெய்லர் கிட்டார் நிறுவனம் 2011இல் காமரூனில் ஒரு கருங்காலி ஆலையைக் கூட்டாக வாங்கியது. முழுக் கறுப்பாக இல்லாத மரங்களைக் காட்டிலேயே விட்டுவரும் வழக்கத்தை அதன் நிறுவனர் பாப் டெய்லர் அங்கே கண்டார். கோடுள்ள கருங்காலியையும் தம் கிட்டார்களில் ஏற்றார். ஒலியிலும் உழைப்பிலும் அது குறைந்ததல்ல. காற்றில்லாமல் சூட்டில் வறுத்த மேப்பிள், அரிய மரத்தின் தேன்பழுப்பு நிறத்தோடு, ஈரம் ஏற்காத தன்மையும் பெறுகிறது. காகிதத்தையும் பிசினையும் அழுத்திச் செய்த விரற்பலகைகளும் வந்துவிட்டன.

நியூயார்க்கில் ரிக் கெல்லி, இடிக்கப்படும் பழைய கட்டடங்களின் பைன் உத்தரங்களை வாங்கிக் கிட்டாராக்குகிறார். நூறாண்டுக்கு மேல் காய்ந்த மரம் அது. இங்கிலாந்தில் 1963இல் பதின்ம வயது பிரையன் மேயும் அவர் தந்தை ஹாரல்டும் வீட்டிலேயே ஒரு மின்கிட்டார் செய்யத் தொடங்கினார்கள். கழுத்து, பழைய கணப்படுப்பின் மகாகனிச் சட்டம். உடலுக்குள் பழைய மேசையின் ஓக். சுரத்தை நடுக்கும் ட்ரெமலோ அமைப்புக்குப் பழைய மோட்டார் சைக்கிளின் வால்வு சுருள்விற்கள். மெட்டு அடையாளங்களுக்கு அம்மாவின் தையல் பெட்டியிலிருந்த முத்துச்சிப்பிப் பொத்தான்கள். குவீன் குழுவின் பாடல்களில் உலகம் கேட்டது பெரும்பாலும் அந்தக் கருவியைத்தான்.

எந்த மரமும் என்றென்றும் சாதாரண மரமல்ல என்பதும் நினைவிலிருக்க வேண்டும். 2002இல் மிச்சிகனில் கண்டறியப்பட்ட மரகதத் துளைப்பான் வண்டு ஆஷ் மரங்களை அழித்துவருகிறது. 2020இல் ஃபெண்டரே தன் வழக்கமான உற்பத்தியில் ஆஷைக் குறைப்பதாக அறிவித்தது. அன்று மலிவென்று எடுத்த மரம் இன்று அரிய மரமாகிறது.

தொகுப்பு

இத்தனையையும் சேர்த்துப் பார்த்தால், தனிக்கிட்டார் செய்ய விரும்புபவர் பணத்தையும் கவனத்தையும் எந்த வரிசையில் செலவிடலாம் என்பது தெளிவாகிறது. முதலில் கழுத்து: நேரான இழை, நன்கு காய்ந்த விறைப்பான மரம், பிசிறில்லாத மெட்டுவேலை. அடுத்து பிக்கப்பும் மின்சுற்றும். 250 ஆயிரம் ஓம் ஒலியளவுக் கட்டுப்பாட்டுக்குப் பதில் 500 ஆயிரம் ஓம் போட்டாலே ஒலி தெளிவாக மாறும், எந்த உடல்மரமும் செய்யாத அளவுக்கு. மூன்றாவதாக எடை. உடலின் அரிய மரம் நான்காவது. அதை அழகுக்காக விரும்புகிறேன் என்று தயங்காமல் சொல்லலாம். அழகு இழிவான காரணமல்ல. ஒலிக்காக என்று சொல்லிக் காட்டை வெட்டவைப்பதுதான் தவறு.

எந்த மரமானாலும் அது எங்கிருந்து வந்தது என்று விற்பவரைக் கேட்க வேண்டும். பதில் சொல்ல முடியாதவரிடம் வாங்கக் கூடாது. 1950களில் ஃபெண்டர் தொழிலாளர்கள் கழுத்தின் அடிப்பகுதியில், உடலுக்குள் மறையும் இடத்தில், செய்த தேதியைப் பென்சிலால் எழுதினார்கள். அறுபது எழுபது ஆண்டு கழித்துக் கழற்றிப் பார்ப்பவருக்கு அந்த எழுத்துதான் சான்று. தானே பூட்டுகிறவரும் நான்கு திருகாணிகளை முடுக்குவதற்கு முன் ஒரு பென்சிலை எடுக்கலாம். தேதியோடு, மரத்தின் பெயரும் அது வளர்ந்த இடமும். அந்த இரண்டாவது வரியை உண்மையாக எழுத முடிகிற மரம் எதுவோ, அதுவே அந்தக் கிட்டாருக்கு ஏற்ற மரம்.